ஹீட்டர் டெர்மினல் வெளிய நீட்டிட்டு இருக்கு, எதை வச்சு மூடுறது?

வாசகர் கேள்வி:

அண்ணா வணக்கம். திருப்பூர்ல பனியன் கம்பெனி ஆளுங்களுக்கு சின்னதா மெஸ் நடத்துறோம், நானும் வீட்டுக்காரியும்தான். பாத்திரம் கழுவ சுடுதண்ணி வேணும்னு லேத்துக்காரர்கிட்ட சொல்லி 50 லிட்டர் எஸ்.எஸ். டிரம்ல சைடுல ஓட்டை போட்டு 3 கிலோவாட் ஹீட்டர் காயில் மாட்டி வாங்கினோம். டெர்மினல், அதாவது ஒயர் மாட்டற முனை, ரெண்டும் டிரம்முக்கு வெளிய ஒரு இஞ்ச் நீட்டிட்டு இருக்கு. கருப்பு டேப் சுத்தினேன், நாலஞ்சு நாள்ல உருகி ஒழுகிருச்சு. இப்ப சைக்கிள் டியூப் வெட்டி சுத்தி, மேல தண்ணி படாம பால் கவர் கட்டியிருக்கேன். ஒருத்தர் எம்சீல் வச்சு அடைச்சுருங்கறார், இன்னொருத்தர் சிலிகான் அடிக்கச் சொல்றார். எது நல்லது? சில நேரம் டிரம்மைத் தொட்டா லேசா சுர்ருங்குது, ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா தெரியறதில்லை. ரெண்டு கோர் ஒயர்தான், பவர் பிளக்ல குத்தியிருக்கு. எம்.சி.பி இருக்கு பயமில்லைனு எலக்ட்ரீசியன் சொல்லிட்டார். போட்டோ அனுப்பியிருக்கேன்.

பதில்:

தம்பி வணக்கங்க. எம்சீலா சிலிகானாங்கறதை அப்புறம் பேசலாம், முதல்ல அந்த பிளக்கை உருவி வைங்க. இதைப் படிச்சு முடிச்சுட்டு இல்ல, இப்பவே. சுவிட்சை ஆஃப் பண்ணினா போதும்னு விட்டுராதீங்க, பிளக்கு சாக்கெட்டை விட்டு வெளிய இருக்கணும். இன்னைக்கு ராத்திரி பாத்திரம் கழுவ கேஸ் அடுப்புல தண்ணி காய வச்சுக்கங்க, கேஸ் செலவு ஆகும், பரவால்ல. நான் இப்படி அடிச்சு சொல்றதுக்குக் காரணம் அந்த வெளிய நீட்டிட்டு இருக்கற டெர்மினல்கூட இல்லைங்க, நீங்க கடைசில போறபோக்குல எழுதுன அந்த "லேசா சுர்ருங்குது"தான்.

டிரம்மைத் தொட்டா சுர்ருங்குதுனா கரண்ட்டு ஏற்கனவே டிரம் பாடிக்கு வந்துருச்சுனு அர்த்தம். டெர்மினலை நீங்க தங்கத்தகடு வச்சு மூடுனாலும் அது போகாது. ஹீட்டர் காயில்ங்கறது உள்ள எப்படி இருக்கும்னா, நடுவுல நிக்ரோம் கம்பி சுருள், அதைச் சுத்தி மெக்னீசியம் ஆக்சைடு பவுடரை இறுக்கி அடைச்சிருப்பாங்க, அதுக்கு மேல காப்பர் இல்லைனா எஸ்.எஸ். குழாய். அந்த வெள்ளைப் பவுடர்தான் கரண்ட்டையும் குழாயையும் பிரிச்சு வைக்குது, சூட்டை மட்டும் தண்ணிக்குக் கடத்தி விடுது. ஆனா அந்தப் பவுடருக்கு ஒரு கெட்ட குணம், ஈரத்தை உறிஞ்சும். டெர்மினல் பக்கம் இருக்கற சீல் விட்டுப்போச்சுனா, இல்ல டெர்மினலைச் சுத்தி இருக்கற பீங்கான் வளையம், பீங்கான் புஷ்னு சொல்லுவோம், அது கீறல் விட்டுச்சுனா, மெஸ் கிச்சன்ல அடிக்கற ஆவி பூரா அது வழியா உள்ள போயிரும், போனா கொஞ்சங்கொஞ்சமா கரண்ட்டு குழாய்க்குக் கசியும், குழாய்ல இருந்து டிரம்முக்கு, டிரம்ல இருந்து தொடுற ஆளுக்கு. நீங்க போட்டிருக்கறது ரெண்டு கோர் ஒயர். எர்த்தே இல்ல. அப்ப கசியுற கரண்ட்டுக்குப் போறதுக்கு வேற வழியே கிடையாது, டிரம்லயே உக்காந்துட்டு யாராவது தொடட்டும்னு காத்துட்டு இருக்கும்.

ரப்பர் செருப்பு போட்டா தெரியலைனு சொல்றீங்க. காலு வழியா தரைக்குப் போற வழியை மட்டும்தான் செருப்பு தடுக்குது, அதுவும் செருப்பு காஞ்சு இருக்கற வரைக்கும். உங்க வீட்டுக்கார அம்மா ஒரு கையில டிரம்மைப் பிடிச்சுட்டு இன்னொரு கையில இரும்புக் குழாயைத் திறந்தாங்கனு வைங்க, ஒரு கையில ஏறி மறு கையில இறங்கும், நடுவுல நெஞ்சு இருக்கு. கையும் காலும் ஈரமா இருந்தா நம்ம உடம்போட ரெசிஸ்டன்ஸ் சுமார் 1000 ஓம்தான்னு கணக்கு வச்சுக்குவோம். 230 வோல்ட்டை 1000ஆல வகுத்தா 230 மில்லி ஆம்ப். 10 மில்லி ஆம்ப் பக்கம் போனாலே பிடிச்ச கையை விட முடியாம இழுத்துக்கும். இன்னைக்கு சுர்ருனு மட்டும் இருக்கறதுக்குக் காரணம் கசிவு இன்னும் கம்மியா இருக்கறதுதான், அது ஒரு மழை நாள்ல ஜாஸ்தி ஆகறதுக்கு நம்மகிட்ட அனுமதி கேக்காது.

எம்.சி.பி இருக்கு பயமில்லைனு சொன்ன எலக்ட்ரீசியன் மேல எனக்கு வருத்தம்தாங்க. எம்.சி.பி ஒயரைக் காப்பாத்தற சாமான், ஆளைக் காப்பாத்தற சாமான் கிடையாது. 16 ஆம்ப் எம்.சி.பி விழணும்னா, அதாவது தானா ஆஃப் ஆகணும்னா, 16 ஆம்புக்கு மேல ஓடணும். மேல சொன்ன 230 மில்லி ஆம்ப் ஒரு ஆம்புல கால்வாசிகூட இல்ல. ஒரு ஆள் துடிச்சுட்டு இருந்தாலும் எம்.சி.பி அசையாம அப்படியே நிக்கும். அதுக்குன்னு இருக்கறது ஆர்.சி.சி.பி, கரண்ட்டு கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச், அதுக்கு அப்புறம் வர்றேன்.

சரி இப்ப உங்க கேள்விக்கு வருவோம், எதை வச்சு மூடுறது.

நீங்க அனுப்புன போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தேன். இடது பக்க டெர்மினல் நட்டு கருத்துப் போயிருக்கு, அதுல சுத்துன ஒயரோட செம்புக் கம்பியும் ஒரு விரல் நீளத்துக்குக் கருப்பா இருக்கு, மேல இருக்கற இன்சுலேஷன் பளபளப்பு போயி வறண்டு வெடிப்பு விட்டுருக்கு. வலது பக்கம் அப்படி இல்ல, நட்டு இன்னும் பித்தளை நிறத்துலயே இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே கரண்ட்டுதான் ஓடுது, அப்புறம் ஏன் ஒண்ணு மட்டும் கருகுது? இடது பக்கம் லூஸ். ஒயர் முனையில லக், அதாவது நட்டுக்கு அடியில உக்கார்ற உலோக வளையம், போடாம கம்பியை முறுக்கி நட்டுக்கு அடியில சுத்தி வச்சிருக்காங்க, சூடு ஏறி இறங்க ஏறி இறங்க அது தளர்ந்திருக்கு.

லூஸ் கனெக்ஷன் என்ன பண்ணும்னு ஒரு கணக்கு சொல்றேன். 3 கிலோவாட்டுக்கு 230 வோல்ட்ல 13 ஆம்ப் ஓடும். லூஸான இடத்துல 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலே போதும், 13ஐ 13ஆல பெருக்கி 0.1ஆல பெருக்குங்க, கிட்டத்தட்ட 17 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில இருக்கற சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான், ஈயத்தையே உருக்கிரும். அந்த அயர்ன்ல மூணுல ரெண்டு பங்கு சூடு உங்க ஒரு நட்டுக்கு அடியில உக்காந்துட்டு இருக்குன்னா டேப் உருகாம என்ன பண்ணும்? பி.வி.சி டேப் சாதாரணமா 80 டிகிரி சுத்திதான் தாங்கும், டிரம் தண்ணி கொதிச்சா ஹீட்டர் தலையே 100 டிகிரி பக்கம் இருக்கும், அது மேல லூஸ் கனெக்ஷன் சூடு வேற. அதனால டேப் உருகுனது டேப்போட குத்தம் இல்ல. அது மேல வேற எதைச் சுத்துனாலும் அடியில இருக்கற சூடு அப்படியேதான் இருக்கும், மூடி வச்சதால கண்ணுக்குத் தெரியாம போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எம்சீல் வேண்டவே வேண்டாம். தண்ணி பைப் ஒழுகலுக்கு நல்ல சாமான், கரண்ட்டு டெர்மினலுக்கு செஞ்சது இல்ல, சூட்டுல இளகும், முக்கியமா அதை வச்சு அடைச்சுட்டா நட்டை மறுபடி டைட் பண்ணவே முடியாது, காயில் போச்சுனா உடைச்சுதான் எடுக்கணும். சிலிகான்ல சூடு தாங்கற வகை இருக்கு, ஆனா கடையில சாதாரணமா கிடைக்கறது அடிக்கும்போது வினிகர் வாசம் வரும் பாருங்க, அந்த வகை காயும்போது அசிட்டிக் ஆசிட் விடும், செம்பையும் பித்தளையையும் அரிக்கும், பச்சை பூத்துரும். வாசம் இல்லாத நியூட்ரல் வகை அரிக்காது, ஆனாலும் டெர்மினலுக்கு அதையே மூடியா நினைக்கக் கூடாது, நகத்தால சுரண்டுனா வந்துரும். சைக்கிள் டியூப் ரப்பர்தானேனு நினைச்சிருப்பீங்க, கருப்பு ரப்பர்ல கார்பன் பவுடர் கலந்திருக்கும், அதை இன்சுலேஷன்னு நம்பி கரண்ட்டு மேல சுத்த முடியாது, சூட்டுலயும் பிசுபிசுத்துரும். பால் கவரைப் பத்தி என்ன சொல்ல, உள்ள ஆவி தங்கி முத்து முத்தா தண்ணி கோத்து நிக்குது போட்டோலயே தெரியுது, அதோட சூடான நட்டு மேல பிளாஸ்டிக் பட்டா தீப்பிடிக்கவும் செய்யும். பழைய ஆளுங்க யாராவது ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுத்தச் சொல்லுவாங்க, அதையும் தொடாதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்குள்ள போனா கேன்சர் வரைக்கும் கொண்டு போகும், நாங்க இந்தத் தொழில்ல அதை விட்டு ரொம்ப காலம் ஆச்சு.

அப்ப என்னதான் வழின்னா, டெர்மினல் மேல எதையும் ஒட்டக் கூடாது, பூசக் கூடாது, சுத்தக் கூடாது. அதைச் சுத்தி ஒரு பெட்டி வரணும். டெர்மினலுக்கும் பெட்டிக்கும் நடுவுல காத்து இருக்கணும், கை போகக் கூடாது, தண்ணி போகக் கூடாது, ஸ்க்ரூ டிரைவர் வச்சா மட்டும் திறக்கணும். காத்தே ஒரு நல்ல இன்சுலேஷன்தாங்க, இடைவெளி சரியா விட்டா போதும்.

ஆனா பெட்டி கடைசி வேலை. அதுக்கு முன்னாடி கனெக்ஷனை ஒழுங்கு பண்ணணும், அதுக்கும் முன்னாடி அந்தக் காயில் உயிரோட இருக்கானு பாக்கணும். ஒரு லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்க, 500 வோல்ட் மெக்கர், அதாவது இன்சுலேஷன் சரியா இருக்கானு பாக்கற மீட்டர், வச்சிருக்கற ஆளா பாருங்க, மல்ட்டிமீட்டர் மட்டும் வச்சிருந்தா பத்தாது. ஒயரைக் கழட்டிட்டு, டெர்மினலுக்கும் ஹீட்டர் குழாய்க்கும் நடுவுல மெக்கர் வச்சு பாக்கச் சொல்லுங்க. 1 மெகா ஓமுக்குக் கீழ காட்டுச்சுனா அந்தக் காயிலை மறுபடி மாட்டாதீங்க. ஈரத்தால குறைஞ்சிருந்தா ஹீட்டர் கம்பெனிக்காரங்க ஓவன்ல வச்சு மணிக்கணக்குல காய வச்சு சரி பண்ணுவாங்க, அது உண்மைதான், ஆனா சீல் விட்டுப்போன காயில் மறுபடி ஈரம் இழுக்கும். சுர்ருனு அடிச்ச காயில்னு தெரிஞ்சே அதை வச்சு வேலை பாக்க நான் சொல்ல மாட்டேன், புதுசு வாங்கிருங்க. வாங்கும்போது டெர்மினல் பக்கம் பீங்கான் புஷ் முழுசா இருக்கா, ஸ்டட், அதாவது நட்டு ஏறற மரை போட்ட கம்பி, ஆடாம நிக்குதானு கையில பிடிச்சுப் பாத்து வாங்குங்க. மல்ட்டிமீட்டர்ல ரெண்டு டெர்மினலுக்கும் நடுவுல 17 இல்ல 18 ஓம் காட்டணும், அதான் 3 கிலோவாட்டுக்கு உண்டான அளவு.

அடுத்தது ஒயர். மூணு கோர், 2.5 ஸ்கொயர் எம்.எம். சாதாரண பி.வி.சி ஒயர் 70 டிகிரிக்கு உண்டானது, ஹீட்டர் தலைகிட்ட அது வறண்டு வெடிக்கறதை நீங்களே பாத்துட்டீங்க. சிலிகான் ரப்பர் ஒயர்னு கேளுங்க, 180 டிகிரி தாங்கும், ஹீட்டர் பார்ட்ஸ் விக்கற கடையில மீட்டர் கணக்குல வெட்டித் தருவாங்க. விலை கூடதான், டிரம்ல இருந்து பிளக் வரைக்கும் உங்களுக்கு ஒண்ணரை ரெண்டு மீட்டர் போதும். நடுவுல ஜாயிண்ட் போட வேண்டாம்.

ஒயர் முனையில ரிங் லக் போடணும், கிரிம்பிங் டூல் வச்சு அழுத்தணும், கட்டிங் பிளேயர்ல நசுக்குறது கிரிம்பிங் ஆகாது. பிளாஸ்டிக் குல்லா போட்ட கலர் லக் இந்த இடத்துக்கு வேண்டாம், உருகிரும், குல்லா இல்லாத லக்கா வாங்கி அதோட கழுத்துல சிலிகான் பூசுன ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ் ஏத்திக்கங்க, அந்த ஸ்லீவை ஒயர் மேல முதல்லயே கோத்துட்டுதான் லக்கை அழுத்தணும். ஈயம் வச்சு சால்டர் பண்றதும் வேண்டாம், சூட்டுல ஈயம் இளகுனா மறுபடி லூஸ்தான்.

இப்ப டைட் பண்ற விதம், இதை வயர்மேன் பக்கத்துல நின்னு பாருங்க. ஸ்டட்ல அடியில ஒரு நட்டு இருக்கும், அது மேல பித்தளை வாசர், அது மேல லக், மறுபடி வாசர், ஸ்பிரிங் வாசர், கடைசியா மேல் நட்டு. மேல் நட்டை டைட் பண்ணும்போது அடி நட்டை இன்னொரு ஸ்பேனர்ல பிடிச்சுக்கணும். ரெண்டு ஸ்பேனர் கட்டாயம். ஒரே ஸ்பேனர்ல மேல மட்டும் முறுக்குனா ஸ்டட்டே சேந்து திரும்பும், திரும்புச்சுனா அந்தப் பீங்கான் புஷ்ல முடி மாதிரி ஒரு கீறல் விழும், கண்ணுக்கே தெரியாது, ஈரம் உள்ள போறதுக்கு அது போதும். எனக்கு ரிப்பேருக்கு வர்ற காயில்கள்ல இந்தக் கீறலை அடிக்கடி பாக்கறேன், காயில் மட்டம்னு கடைக்காரரைத் திட்டிட்டு வருவாங்க. ரெண்டு லக்கும் ஒண்ணை ஒண்ணு பாத்த மாதிரி உக்காராம, ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணு அந்தப் பக்கம் விலகி நிக்கட்டும்.

எர்த். தம்பி, இது ஒண்ணை மட்டும் பண்ணிட்டு மத்ததை விட்டாக்கூட பாதி ஆபத்து போயிரும், மத்ததெல்லாம் பண்ணிட்டு இதை விட்டீங்கனா எதுவுமே பண்ணாத மாதிரிதான். லேத்துக்காரர்கிட்ட டிரம் பாடில ஒரு எஸ்.எஸ். போல்ட்டை ஆர்கான் வெல்டிங் வச்சுத் தரச் சொல்லுங்க, அது எர்த்துக்கு மட்டும். காயில் மாட்டியிருக்கற போல்ட்லயோ, மூடி ஸ்க்ரூலயோ எர்த்தை இரவல் வாங்கக் கூடாது, யாராவது கழட்டுனா எர்த்தும் கழண்டு போகும். பச்சை ஒயருக்கும் லக், ஸ்டார் வாசர், நட்டு. பெட்டிக்குள்ள பச்சை ஒயரை மத்த ரெண்டையும் விட கொஞ்சம் நீளமா விடுங்க, யாராவது கேபிளை இழுத்துட்டாங்கனா கரண்ட்டு ஒயர் முதல்ல பிடுங்கணும், எர்த் கடைசியா பிடுங்கணும். பிளக்ல மூணாவது பெரிய பின்ல பச்சை ஒயர் வந்திருக்கானு திறந்து பாத்துக்கங்க. மாட்டி முடிச்சதும் மல்ட்டிமீட்டர்ல பிளக்கோட பெரிய பின்னுல இருந்து டிரம்முக்கு வச்சுப் பாத்தா 1 ஓமுக்குக் கீழ காட்டணும்.

சாக்கெட்ல எர்த் ஓட்டை இருக்கறதால எர்த் இருக்குனு நம்பிராதீங்க, வாடகைக் கட்டடத்துல நிறைய இடத்துல அது வெறும் ஓட்டை. மீட்டர் பக்கத்துல இருந்து எர்த் பைப் எங்க இறங்குது, அந்தக் கம்பி அறுந்து கிடக்கா, குழி காஞ்சு கிடக்கானு வயர்மேனைப் பாக்கச் சொல்லுங்க.

இனி பெட்டி. 1 எம்.எம். எஸ்.எஸ். தகட்டுல நாலுக்கு நாலு இஞ்ச், மூணு இஞ்ச் ஆழம், இந்த அளவுக்கு லேத்துக்காரரே மடிச்சுத் தருவார். காயிலைக் கழட்டி, டிரம்ல தண்ணி இல்லாம, அந்த எர்த் போல்ட் வெல்டிங் பண்ணும்போதே பெட்டியையும் சேத்து வச்சுரச் சொல்லுங்க, அப்ப பெட்டியும் டிரம்மோட சேந்து எர்த் ஆயிரும். எர்த் போல்ட் பெட்டிக்குள்ளயே வர்ற மாதிரி இடம் பாத்துக்கங்க. டெர்மினல் நுனில இருந்து மூடி வரைக்கும் குறைஞ்சது 12 எம்.எம். இடைவெளி, பக்கத்துலயும் அதே அளவு. மூடியோட உள் பக்கம் ஒரு ஹைலம் ஷீட், அதாவது கரண்ட்டு கடத்தாத கெட்டித் தகடு, வெட்டி ரெண்டு ஸ்க்ரூல பிடிச்சுருங்க, எப்பவாவது ஒரு நட்டு கழண்டு ஒயர் ஆடுனாலும் மூடில நேரா படாது. மூடி நாலு ஸ்க்ரூல நிக்கணும், கீல் வச்சு கொக்கி போடாதீங்க, அவசரத்துக்கு யாராவது திறந்துருவாங்க.

ஏன் பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம்னா, வயரிங்குக்கு விக்கற பி.வி.சி ஜங்ஷன் பாக்ஸ் இந்த டிரம் சூட்டுல நெளிஞ்சுரும். கீசர்ல பிளாஸ்டிக் மூடிதானே இருக்குனு கேப்பீங்க, அதுக்கும் டேங்குக்கும் நடுவுல சூடு வராத மாதிரி பஃப்ங்கற நுரையை அடைச்சிருக்காங்க, உங்க டிரம் வெறும் தகடு.

ஒயர் பெட்டிக்குள்ள நுழையற ஓட்டை கீழ்ப் பக்கமா இருக்கட்டும். மேல இருந்தாலும் பக்கத்துல இருந்தாலும் டிரம்ல வழியற தண்ணி ஒயரைப் பிடிச்சுட்டே உள்ள இறங்கும். கீழ இருந்து ஏறுனா தண்ணி ஒயர் வளைவுல சொட்டிரும். அந்த ஓட்டைல கேபிள் கிளாண்ட் போடுங்க, பித்தளையே நல்லது, தகட்டு விளிம்பு ஒயரை அறுக்காது, கேபிளை இழுத்தாலும் டெர்மினல்ல இழுபடாது. அடில ஒரு மூலைல 5 எம்.எம். ஓட்டை ஒண்ணு போட்டு விடுங்க. வெளித் தண்ணி வராம இருக்கத்தானே பெட்டி, அதுல ஏன் ஓட்டைனு தோணும். காயிலுக்கும் டிரம்முக்கும் நடுவுல இருக்கற கேஸ்கட் ஒரு நாள் கசியும், கசிஞ்ச தண்ணி பெட்டிக்குள்ளயே தேங்கி டெர்மினல் வரைக்கும் ஏறுச்சுனா மோசம், அந்த ஓட்டை இருந்தா கீழ சொட்டும், சொட்டறது கண்ணுல பட்டதும் பிளக்கை உருவிட்டு கேஸ்கட் மாத்திக்கலாம்.

அப்புறம் ஆர்.சி.சி.பி. 2 போல், 25 ஆம்ப், 30 மில்லி ஆம்ப்னு கேட்டு வாங்குங்க. 100, 300 மில்லி ஆம்ப்லயும் வருது, அது தீ விபத்துக்கு உண்டானது, ஆளுக்கு 30தான். சுமார் ரெண்டாயிரம் ரூபாய் பக்கம் ஆகும், மெஸ் நடத்தற இடத்துக்கு இது பெரிய செலவு இல்லைங்க. இது பேஸ்ல போற கரண்ட்டும் நியூட்ரல்ல திரும்பி வர்ற கரண்ட்டும் சமமானு பாத்துட்டே இருக்கும், 30 மில்லி ஆம்ப் அளவுக்கு வித்தியாசம் வந்தா கண்ணிமைக்கற நேரத்துல கட் பண்ணிரும். எர்த்தும் இதுவும் சேந்து இருக்கணும், ஏன்னா எர்த் இருந்தா கசிவு வந்த உடனே, யாரும் தொடறதுக்கு முன்னாடியே விழுந்துரும், எர்த் இல்லைனா ஒரு ஆள் தொட்டு அவர் வழியா போனாத்தான் விழும். நல்ல எர்த் இருக்கே, எம்.சி.பி பத்தாதானு கேட்டா அதுக்கும் கணக்கு இருக்கு. உங்க எர்த் குழி வெயில் காலத்துல காஞ்சு 50 ஓம் வந்துருச்சுனு வைங்க, பேஸ் நேரா டிரம்ல பட்டாக்கூட 230ஐ 50ஆல வகுத்தா 4.6 ஆம்ப்தான் ஓடும், 16 ஆம்ப் எம்.சி.பி அதுக்கு விழாது, ஆர்.சி.சி.பி அந்த நிமிஷமே விழும்.

மாட்டுனதுக்கு அப்புறம் அடிக்கடி விழுதுனா அதை பைபாஸ் பண்ற ஆளுங்க இருக்காங்க, அதுக்கு மட்டும் சம்மதிக்காதீங்க. ஒண்ணு எங்கயோ நிஜமாவே கசியுது, இல்ல அந்த நியூட்ரலை வேற லைனோட கலந்து விட்டுருக்காங்க, ரெண்டையும் தேடி சரி பண்ணலாம். அதுல இருக்கற டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அழுத்திப் பாருங்க, விழணும்.

சுவிட்ச் ஆஃப் பண்ணினா போதாதுனு முதல்லயே சொன்னேன் இல்லைங்களா, நிறைய போர்டுல பேஸும் நியூட்ரலும் மாறிக் கிடக்கும். அப்படி இருந்தா சுவிட்ச் நியூட்ரலைத்தான் கட் பண்ணும், ஹீட்டர் ஓடாது, ஆனா டெர்மினல்ல 230 வோல்ட் அப்படியே நிக்கும். அதனால அந்த டிரம்முக்குன்னு தனியா ஒரு டி.பி. சுவிட்ச் போட்டுருங்க, ரெண்டு லைனையும் சேத்து கட் பண்ணும். அது டிரம்முக்கு மேலயோ கழுவற தொட்டிக்கு மேலயோ வேண்டாம், தண்ணி தெறிக்காத எடத்துல, ஆனா அவசரத்துக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும். அப்படியும் டிரம்மைக் கழுவும்போது பிளக்கையும் உருவிருங்க.

நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லணும். காயில் எப்பவும் தண்ணிக்குள்ள முழுகி இருக்கணும். மெஸ்ல வேலை பரபரப்புல தண்ணி மொண்டு மொண்டு காயில் வெளிய தெரியற வரைக்கும் இறங்குறது சகஜம், காயில் காத்துல எரிஞ்சா குழாய் சிவந்து வெடிக்கும், அந்த சூடு அப்படியே பின்னாடி டெர்மினலுக்கும் வரும். டிரம் உள்ள காயிலுக்கு நாலு விரல் மேல ஒரு கோடு கீறி வைங்க, அதுக்குக் கீழ தண்ணி இறங்கவிடாதீங்க. கேப்பிலரி தெர்மோஸ்டாட், அதாவது வச்ச சூடு வந்ததும் தானா ஆஃப் பண்ற சாமான், ஒண்ணு மாட்டுனா இன்னும் நல்லது, பாத்திரம் கழுவ 60 டிகிரி தாராளம், கரண்ட்டு பில்லும் குறையும். ஆனா சாதா கேப்பிலரி தெர்மோஸ்டாட் பெரும்பாலும் ஒரு லைனைத்தான் கட் பண்ணும், அதனால அது ஆஃப் ஆயிருச்சுனு நம்பி கையை விடக் கூடாது.

எல்லாம் முடிஞ்சு ஓட்ட ஆரம்பிச்சு ஒரு வாரம் கழிச்சு, பிளக்கை உருவிட்டு, டிரம் ஆறுனதும் பெட்டியைத் திறந்து நட்டுகளை மறுபடி டைட் வச்சுப் பாக்கச் சொல்லுங்க, புது லக்கு சூடு பட்டு கொஞ்சம் அமுங்கும், அது சகஜம். அதுக்கப்புறம் மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா. அப்ப நிறம் பாருங்க, ரெண்டு நட்டும் ஒரே நிறத்துல இருந்தா சரி, ஒண்ணு மட்டும் கருத்திருந்தா அங்க லூஸ் இருக்கு.

வீட்டுக்கார அம்மாகிட்டயும் வேலைக்கு வர்றவங்ககிட்டயும் ஒண்ணு சொல்லி வைங்க. யாரையாவது கரண்ட்டு பிடிச்சுக்கிச்சுனா ஓடிப் போய் அவங்களைத் தொட்டு இழுக்கக் கூடாது, முதல்ல டி.பி. சுவிட்ச் இல்ல பிளக், அது எட்டலைனா மெயின். அதுவும் முடியலைனா காஞ்ச கட்டையால தள்ளி விடுங்க, ஈரக் கட்டை கூடாது. உடனே 108க்கு அடிங்க, எந்திரிச்சு உக்காந்துட்டாங்க பேசறாங்கனாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க, நெஞ்சுத் துடிப்பு அப்புறமா தாறுமாறா போறதும் உண்டு.

இவ்வளவும் பண்றதுக்கு வேலையும் செலவும் இருக்கு, அதுக்கு ஐ.எஸ்.ஐ மார்க் போட்ட ஸ்டோரேஜ் கீசர் 25 லிட்டர்ல ஒண்ணு வாங்கி செவுத்துல மாட்டிட்டு குழாய்ல சுடுதண்ணி பிடிச்சுக்கலாமேனு உங்களுக்குத் தோணுனா, என் மனசுலயும் அதான் இருக்கு. ஐ.எஸ். 2082ங்கற தரத்துல வர்றது அது, டெர்மினல் மூடி, தெர்மோஸ்டாட், கட் அவுட் எல்லாம் உள்ளயே வந்துரும். அதுக்கும் எர்த்தும் ஆர்.சி.சி.பியும் வேணும்தான். ஆனா அதுல ஒரே நேரத்துல 50 லிட்டர் கிடைக்காது, உங்க கூட்டத்துக்கு ராத்திரி பத்துமா பத்தாதானு உங்களுக்குத்தான் தெரியும். டிரம்தான் வேணும்னா மேல சொன்னபடி பண்ணுங்க, நல்லபடியா ஓடும்.

பெட்டி மூடறதுக்கு முன்னாடி உள்ள ஒரு போட்டோ எடுத்து, மெக்கர்ல எவ்வளவு காட்டுச்சுங்கறதையும் எழுதி எனக்கு அனுப்புங்க, பாத்துட்டு சொல்றேன். அது வரைக்கும் பிளக் வெளியவே இருக்கட்டும்.